அம்மா இல்லாத மூன்று மணி நேரம்

கோமதியம்மாள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பாவுக்குப் பன்னெண்டு மணிக்கு மாத்திரை, பன்னெண்டரைக்குச் சோறு. குழம்பு அடுப்புமேல இருக்கு, சுட வச்சு ஊத்து. அப்பளம் மட்டும் நீ பொரிச்சுக்கோ. ஒரு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனபோது, முப்பத்தாறு வயது மகன் ஆவுடையப்பன் அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் படியிலேயே நின்றான். புளியங்குடியில் அவளுடைய பெரியம்மா மகன் தவறிப்போய்விட்டார், துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த மனுஷன் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று இவன் நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. நாசிக்கில் வேலை பார்க்கிற பம்பு கம்பெனியில் கெஞ்சி வாங்கின லீவில் ரயில் பயணம் போக ஊரில் இருக்கக் கிடைத்தது ஏழு நாள், இன்று ஆறாவது நாள், நாளைச் சாயங்காலம் ரயில். இந்த ஆறு நாளில், ஏன், கல்யாணமான இந்த எட்டு வருஷத்தில், அவனும் அப்பாவும் அம்மா இல்லாத வீட்டில் தனியாக இருந்தது கிடையாது. அவள் கோயிலுக்குக் கிளம்பினால் அப்பா அதற்கு முன்னாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுவார். அவள் காய்கறி வாங்கப் போனால் இவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். இன்றைக்கு இரண்டு பேருக்கும் வழியில்லை. அப்பாவுக்குக் காலில் வீக்கம், வெளியே நடக்கக் கூடாது. இவனுக்கு மாத்திரை கொடுக்கிற வேலை. கூடத்தில் வயர் நாற்காலியில் அப்பா பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். பேப்பருக்கு மேலே அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. அந்த நெற்றியைப் பார்த்ததும் இவனுக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தான். கதவைச் சாத்தலாமா, சாத்தினால் பயந்துவிட்டான் என்று நினைப்பாரோ, திறந்தே கிடக்கட்டும், எனக்கென்ன பயம். பேப்பர் திருப்புகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். அந்தச் செருமலை இவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், பேசப் போகிறவர் செருமுகிற செருமல், ஆனால் பேச மாட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மைக்கில் ஊருக்கே கேட்கக் கத்தினவர், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச எட்டு வருஷமாக வாய் வரவில்லை. பேச வேண்டியதெல்லாம் அம்மா வழியாகத்தான். "ஏ, அவன ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்பார், இவன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். "ஏய்யா, ஃபேனைக் குறைக்கணுமாம்" என்பாள் அம்மா. "நாலுலதான் இருக்குன்னு சொல்லும்மா" என்பான் இவன். "நாலுலதான் இருக்காம்" என்பாள் அவள், இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, ஒரு சலிப்பும் இல்லாமல். முதல் வருஷம் பவானியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது வருஷம் சிரிக்கவில்லை. பவானி வேலூர்ப் பக்கம், வேற சாதி, ஒரே கம்பெனியில் பார்த்துப் பழகிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அன்றைக்கு அவளுடைய அண்ணன் வந்தான், இவன் பக்கம் யாரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு இவன் பக்கத்தில் நின்ற ஆள் ஷிஃப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு வந்த ஒரு மராட்டிக்காரன். அவனுடைய பெயர்கூட இப்போது மறந்துவிட்டது. அப்பா வராத அந்த நாற்காலியை மட்டும் மறக்க முடியவில்லை, நாற்காலி என்று அங்கே எதுவும் போட்டிருக்கவில்லை, ஆனாலும் நினைவில் ஒரு காலி நாற்காலி கிடந்துகொண்டேதான் இருக்கிறது.

வருஷா வருஷம் ஊர்க்கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு வாரம், தனியாக. பவானியும் பிள்ளையும் நாசிக்கில். ஒவ்வொரு தடவையும் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அடுக்களையில் அம்மா பக்கத்தில் போய் நின்று கேட்பான், "அடுத்த வருசம் அவங்களையும் கூட்டிட்டு வரட்டா, அப்பாகிட்டக் கேளும்மா." மறுநாள் அடுக்களையில்தான் பதில் வரும், அப்பா சொல்வதாக. "இந்த வருசம் போகட்டுங்காவ." "கொஞ்சம் ஆறட்டுங்காவ." "இப்பத்தான் கால்ல வீக்கம், பொறு." அம்மாவுடைய பேச்சில் எப்போதும் ஒரு மெத்தென்ற தன்மை உண்டு. அப்பா சொன்னதை அப்படியே கொண்டுவந்து போட மாட்டாள், வடிகட்டித்தான் தருவாள் என்று இவனுக்குத் தெரியும், அதற்காக அவள்மீது நன்றிகூட உண்டு. வடிகட்டாதது எப்படி இருந்திருக்கும் என்பதை ரயிலில் திரும்பிப் போகும்போது இவனே எழுதிக்கொள்வான். அந்தக் கழுதை என் வீட்டுப் படியேறக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பார். அவளுக்குப் பிறந்தது எனக்குப் பேத்தியா என்று சொல்லியிருப்பார். இதையெல்லாம் அப்பாவுடைய குரலிலேயே, மைக் குரலிலேயே, குண்டக்கல் தாண்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு போவான். ஏழு தபசுக்கு ஏழு தரம் கேட்டதில் இப்போது எது அம்மா சொன்னது, எது தானே சொல்லிக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை. பிரித்து என்ன ஆகப்போகிறது. இந்த வருஷம் கிளம்புகிற அன்றைக்கு மகள் இலக்கியா, ஆறு வயது, பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "உங்க அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாள். தாத்தா என்று சொல்லவில்லை, உங்க அப்பா என்றுதான் சொன்னாள். பவானி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே, "இந்தத் தடவை நேரா கேட்டுட்டு வாங்க. இல்லன்னா இனிமே நீங்களும் போகாதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்து, வந்த மூன்றாம் நாள் வழக்கம்போல அம்மாவிடம்தான் கேட்டான். மறுநாளே பதில் வந்துவிட்டது. "பாப்போங்காவ."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கூடத்திலிருந்து செருமல் கேட்டது. பிறகு, "மாத்திரை" என்று அப்பா சொன்னார். இவனைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஆவுடையப்பன் எழுந்து போய் மாத்திரை டப்பாவை எடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு தெரியல" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னான். "முன்னாடி" என்றார் அப்பா காலண்டரிடம். "ஒண்ணா, ரெண்டா?" என்றான் இவன் ஃபிரிட்ஜிடம். காலண்டரும் ஃபிரிட்ஜும் எதிரெதிர்ச் சுவரில் இருந்ததால் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஆயிற்று. எவனாவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பான். சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் இவருக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அப்பாவுடைய விரல் எடுக்கும்போது உள்ளங்கையைத் தொட்டது, சொரசொரவென்று, நகம் வெட்டாமல். இந்த விரல்தானே என்று தொடங்கின நினைப்பை அங்கேயே அறுத்தான். இந்த விரல் என்ன செய்தது, சைக்கிள் ஓட்டப் பழக்கியது, காய்ச்சலில் நெற்றியில் இருந்தது, எல்லா அப்பனும் செய்கிறதுதான். அதற்காக எட்டு வருஷத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா. தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பா டம்ளரைக் கீழே வைத்த சத்தம் வேண்டுமென்றே சத்தமாக வைத்தது போலிருந்தது. இந்த ஆளிடம் நான் ஒரு வார்த்தை பேசினால் என் பெயர் ஆவுடையப்பன் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போனான். முதல் அப்பளம் கருகியது. இரண்டாவது சரியாக வந்தது. கருகினதை அப்பாவுக்கு வைக்கலாமா என்று யோசித்துவிட்டுத் தானே தின்றான்.

பன்னிரண்டரைக்கு முள் வந்ததும் அப்பா காலை இழுத்து இழுத்து நடந்துவந்து மேஜையில் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு வத்தக்குழம்பை ஊற்றினான். அவர் பிசைகிற பிசையலைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவசரமில்லாமல், ஓரம் ஓரமாக, ஒரு பருக்கை விடாமல், இந்த வீட்டில் எதுவுமே நடக்காதது போல. அந்த நிதானம்தான் பொறுக்க முடியவில்லை. நாளைச் சாயங்காலம் ரயில். பவானி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாள், கேட்டீங்களா என்று கேட்க மாட்டாள், முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு என்ன பதில் சொல்வது, பாப்போங்காவ என்றா. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அப்பாவுடைய காதைப் பார்த்து, ஃபிரிட்ஜை அல்ல, நேராக அவருடைய காதைப் பார்த்து இவன் சொன்னான்.

"அடுத்த வருசம் நான் தனியா வர மாட்டேன். வந்தா பவானியும் பிள்ளையும் கூட வருவாங்க. இல்லன்னா நானும் வரலை. இதான் கடைசி."

அப்பாவுடைய கை சோற்றில் நின்றது. "யாருகிட்டச் சொல்லுத?"

"உங்ககிட்டத்தான். இங்க வேற யாரு இருக்கா?"

அப்பா குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அந்தப் பொண்ணுதான் இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாள்ல. அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சவால் விடுத?"

"யாரு சொன்னா?"

"அவ சொன்னான்னு நீதான சொன்ன."

"நான் எப்பச் சொன்னேன்?"

"நீ சொன்னதா ஒங்க அம்ம சொன்னா."

"அப்பா, நான் வருசா வருசம் கேக்கேன், கூட்டிட்டு வரட்டான்னு. நீங்கதான் போகட்டும், ஆறட்டும், பாப்போம்னு..."

"எந்த வருசம் கேட்ட?"

"எல்லா வருசமும். தபசுக்கு வந்தப்பல்லாம். இந்தத் தடவகூட."

அப்பா தலையை ஆட்டினார், வர வேண்டிய பஸ் வரவில்லை என்று பயணிகளிடம் சொல்கிற ஆள் மாதிரி. "எங்கிட்ட வரலை" என்றார். பிறகு ஒரு வாய் சோற்றை உருட்டினார், உருட்டினதைத் தட்டிலேயே வைத்தார். "கேட்டிருந்தா சரின்னுருப்பேன்னு நெனச்சுக்கிடாத. என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. கல்யாணத்துக்கு நானாத்தான் வரலை, அதுக்கு யாரையும் கை காட்ட மாட்டேன். ஆனா கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நான்தான் சொல்லியிருப்பேன்." செருமினார். "பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"இலக்கியா" என்றான். குரல் இரண்டாக உடைந்தது, அவமானமாக இருந்தது.

"எத்தனாப்பு?"

"ஒண்ணாப்பு."

"ரசம் இருந்தா ஊத்து" என்றார் அப்பா.

அப்பா கை கழுவிவிட்டு மறுபடி வயர் நாற்காலிக்குப் போனபிறகு இவன் அடுக்களையில் தட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றான், தேய்த்த தட்டையே திரும்பத் திரும்ப. இருக்காது. அப்பா பொய் சொல்கிறார். மாட்டிக்கொண்டதும் பழியை அம்மா தலையில் போடுகிறார், ஆம்பளைக்கு இது ஒன்றும் புதிதில்லை. பெயர் எப்படித் தெரியாமல் இருக்கும், பெயர் வைத்த அன்றைக்கே அம்மாவிடம் போனில் சொன்னேனே. சொன்னேன், அம்மா என்ன சொன்னாள், "நல்லா இருக்கட்டும்" என்றாள். அம்மா அந்தப் பெயரைச் சொல்லி எப்போதாவது கேட்டிருக்கிறேனா. பிள்ளை எப்படியிருக்கு, பிள்ளைக்குச் சளி போச்சா, பிள்ளை, பிள்ளை. வாரத்துக்கு இரண்டு தரம் போன், ஆறு வருஷம். ஒரு தரம்கூடப் பெயர் இல்லை. ஃபேனைக் குறை, டிவியைக் கூட்டு, பால்காரன் வந்தாச்சா, இதெல்லாம் கூடத்தில், இரண்டு பேருக்கும் கேட்க, வார்த்தை பிசகாமல் எடுத்துக் கொடுத்தாள். இது மட்டும் அடுக்களையில். ஏன் அடுக்களையில் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே, நான் என்ன மடையனா. பவானிக்குத் தோன்றியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், "உங்க அப்பா வேணாம்னு சொன்னதை நீங்க காதால கேட்டீங்களா?" என்று கேட்டாள், எங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்றியா என்று இவன் கத்தின கத்தலில் பிள்ளை எழுந்து அழுதது. அதற்காக அவள் இரண்டு நாள் பேசவில்லை. ஒவ்வொரு வருஷமும் கிளம்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கிற பருப்புப்பொடியும் முறுக்கும், "ஒனக்குன்னு செஞ்சது, நீ தின்னு" என்பாள். பாசம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் ரயில் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனேன். நீ தின்னு என்றால் வேறு யாருக்கும் கொடுக்காதே என்று அர்த்தம், தமிழ்தானே, புரிந்திருக்க வேண்டாமா. ஒருவேளை அவளுக்கு இரண்டு பக்கமும் பயமோ, சண்டை வரும் என்று, அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்று. அப்படித்தான் இருக்கும். அப்படி இருக்கட்டும் என்று மனது கெஞ்சியது. இத்தனை வருஷமாக அப்பாவுக்கென்று சேர்த்து வைத்த வெறுப்பு அப்படியே கிடக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. அம்மாமேல் வைக்க அது அளவு சேரவில்லை. அவளை வெறுத்துப் பழக்கமில்லை. இன்னொன்றும் உறுத்தியது, நேராகக் கேட்டிருக்கலாமே, அப்பா செருமின போதெல்லாம் ஒரு தரம் திரும்பியிருக்கலாமே. திரும்பவில்லை. வெறுக்க ஒரு ஆள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது வசதியாக இருந்தது, அதுதான் நிஜம்.

ஒன்றே காலுக்குப் பின்வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள் முன்வாசல் வழியாக நுழைய மாட்டாள், சந்து வழியாகப் புறவாசலுக்கு வந்து, கட்டின சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். அதுவரைக்கும் யாரையும் தொடவும் மாட்டாள். ஆவுடையப்பன் கொடியில் கிடந்த மாற்றுச் சேலையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனான். தொட்டியிலிருந்து செம்பால் மொண்டு ஒரு செம்பு ஊற்றியிருந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. "பக்கத்துல வராதய்யா, அந்தக் கல்லுமேல வச்சிட்டுப் போ. அப்பா சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டாவ. பேரு கேட்டாவ."

"என்ன பேரு?"

"பிள்ளை பேரு."

அடுத்த செம்பு பாதி வழியில் நின்றது. ஒரு வார்த்தை மறுத்தால் போதும் என்று இவன் காத்திருந்தான், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் நம்பிவிடுவான், சண்டை வரும்னுதான்ய்யா என்றாலும் நம்பிவிடுவான், நம்பத் தயாராகத்தான் நின்றான். அவள் மறுக்கவில்லை. செம்பை மெல்லத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"அவ என் அடுக்களைக்குள்ள வரப்புடாது" என்றாள். சோறு தின்றாயா என்று கேட்கிற அதே குரல், மெத்தென்று. "நான் இருக்கிற வரைக்கும் வரப்புடாது. என் பிள்ள நீ, நீ வா, வருசம் பூராவும் வேணும்னாலும் வந்து இரு. அவ வேண்டாம்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"ஒங்க அப்பா எளகின மனுசன். கேட்டா சரின்னுருவாவ" என்றாள். "அதான் கேக்கல."

புறவாசல் வெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். இவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் ஈரத்தில் அவள் தோள்பட்டை நடுங்கிக்கொண்டிருந்தது, அறுபத்திரண்டு வயது உடம்பு, பசியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள். பாவமாகவும் இருந்தது, பார்க்கப் பிடிக்காமலும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி வரும் என்று தெரியவில்லை, வந்தது.

"அப்போ நானும் இனிமே வரலம்மா."

"கோவத்துல பேசாத. நாளைக்கு ரயிலேறி ரெண்டு நாளு கழிச்சு போன் போடு, எல்லாம் சரியாயிரும்." செம்பை மறுபடி எடுத்தாள். "அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் திரும்பி நடந்தான். கூடத்தில் அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைப்பது தெரிந்தது. எதிரில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பா" என்றான்.

"ஏய்யா" என்று பின்னாலிருந்து அம்மாவுடைய குரல் வந்தது. அந்தக் குரலில் பயத்தை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஏய்யா, அவியகிட்ட என்ன சொல்லப் போற? எங்கிட்டச் சொல்லிட்டுச் சொல்லு." பாதிக் குளியலில், துட்டிச் சேலையோடு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாமல், அவள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.